வீட்டிலேயே வாட்ச் ரிப்பேர் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமும் பொழுதுபோக்காக வாட்ச் பிரிக்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே வைத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே நகர்வதால் வரிசையாகப் படியுங்கள்.

1. எனக்கு நாப்பது தாண்டிருச்சு. கண்ணு லேசா மங்கல், கையும் கொஞ்சம் நடுங்கும். நமக்கெல்லாம் இது வருமா?

வரும். கண்ணுக்கு ஐகிளாஸ், அதாவது கண்ணில் மாட்டிக்கொள்ளும் பெரிதாக்கும் லென்ஸ் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதன் மேலேயே மாட்டும் வகையை வாங்கலாம். பெரும்பாலான வேலைக்கு 4 அல்லது 5 மடங்கு காட்டுவது போதும். கல் துளையில் (சக்கரத்தின் அச்சு சுழலும் சிறு கல்லின் ஓட்டை) அழுக்கு இருக்கிறதா, எண்ணெய் சரியாக நின்றதா என்று பார்க்க மட்டும் 10 மடங்கு வேண்டும். அந்த லென்ஸை வாட்ச்சுக்குச் சுமார் 2.5 செ.மீ. நெருக்கத்தில் பிடித்தால்தான் தெளிவாகத் தெரியும். அந்த இடைவெளியில் ஸ்க்ரூடிரைவர் நுழையாது, ஆகவே அதைப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கை நடுக்கத்துக்குப் பெரும்பாலும் மேசை உயரம்தான் காரணம். சாப்பாட்டு மேசை சுமார் 75 செ.மீ. இருக்கும், இந்த வேலைக்கு அது தாழ்வு. மேலே 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்குக் கனமான பலகைப் பெட்டி ஒன்றைப் போட்டு, வாட்ச் உங்கள் நெஞ்சுக்கு நேராக வருமாறு செய்யுங்கள். முழங்கையும் மணிக்கட்டும் ஊன்றியிருக்க வேண்டும். இரண்டு கையின் சுண்டுவிரல்களும் ஒன்றையொன்று தொட்டபடி வேலை செய்தால் நடுக்கம் பாதியாகக் குறையும்.

2. எங்க தாத்தாவோட பழைய வாட்ச் பீரோல கிடக்கு. அதுலயே ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். முதல் வாட்ச்சில் ஏதாவது ஒன்று உடையும் அல்லது காணாமல் போகும். அது திரும்ப வாங்கக் கிடைக்கிற வாட்ச்சாக இருக்கட்டும்.

நம் ஊரில் பழக மிகவும் ஏற்றது சாவி கொடுக்கிற எச்.எம்.டி. ஜனதா, பைலட் போன்ற மாடல்கள். பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பு தொடங்கியது. இந்த மெஷின்களும் (கேஸுக்குள் ஓடும் பொறி) சிட்டிசன் வழி வந்தவை. 17 கல், மணிக்கு 18,000 துடிப்பு, எளிய அமைப்பு. எச்.எம்.டி. வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. ஆனாலும் லட்சக்கணக்கில் விற்ற வாட்ச் என்பதால் பழைய மெஷினும் உதிரியும் இன்னும் கிடைக்கின்றன. இன்னும் பெரிய பாகங்களில் பழக விரும்பினால் சீகல் எஸ்.டி.36 என்ற சீன மெஷினை மட்டும் தனியாக வாங்கலாம். பாக்கெட் வாட்ச் அளவு, 36.6 மி.மீ. விட்டம், பிடிக்கவும் பார்க்கவும் எளிது.

ஒரே மாடலில் இரண்டு வாங்குங்கள்: ஓடுகிற ஒன்று, உதிரிக்கு ஓடாத ஒன்று. முதலில் பிரிக்க வேண்டியது ஓடுகிறதைத்தான். அதைத் திரும்பப் பூட்டியபின் நின்றுவிட்டால் தப்பு நீங்கள் கைவைத்த இடத்தில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியும். ஓடாத வாட்ச்சில் தொடங்கினால் பழைய கோளாறு எது, நாம் செய்தது எது என்று பிரிக்கவே முடியாது. லேடீஸ் வாட்ச், ஆட்டோமேட்டிக், ஸ்டாப்வாட்ச் வைத்தவை எல்லாம் பிறகு. ஒரே மெஷினை இருபது தடவை பிரித்துப் பூட்டுகிறவர், இருபது மெஷினை ஒவ்வொரு தடவை பிரிக்கிறவரைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறார்.

3. என்னென்ன சாமான் வாங்கணும்? ஆன்லைன்ல செட்டா விக்கிறதை வாங்கிடவா?

முப்பது நாற்பது சாமான் கொண்ட மலிவு செட்டில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. தேவைப்படும் பாதி தரமாக இருக்காது. பணத்தை இரண்டு சாமானில் போடுங்கள்: ஸ்க்ரூடிரைவர், சாமணம் (ட்வீசர்). ஸ்க்ரூடிரைவர் 0.8, 1.0, 1.2, 1.6 மி.மீ. ஆகிய நான்கு அளவு போதும். நுனி ஸ்க்ரூ தலையின் பள்ளத்தை முழு நீளத்துக்கும் நிரப்ப வேண்டும். சிறியதைப் போட்டால் பள்ளம் சிதையும், பெரியதைப் போட்டால் பக்கத்துப் பிரிட்ஜில் (சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடு) கீறும். நுனி மழுங்கினால் எண்ணெய்க் கல்லில் இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டிக்கொள்ளலாம். சாமணத்தில் காந்தம் ஏறாத 3ஆம் எண் ஒன்று, பிரிட்ஜும் முள்ளும் தூக்கப் பித்தளைச் சாமணம் ஒன்று. ஹேர்ஸ்பிரிங்குக்கு (முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய சுருள்) ஏற்ற கூர்மையான 5ஆம் எண்ணைப் பிறகு வாங்கலாம்.

மற்றவற்றில் மிச்சம் பிடிக்கலாம். மெஷின் பிடிக்கும் ஹோல்டர், ரப்பர் காற்றூதி, முள் கழற்றும் நெம்புகோல் இரண்டு, விரல் உறை, மூடி போட்ட சிறு டப்பாக்கள். 10 மடங்கு லென்ஸும் எண்ணெய்க் கல்லும் நகைப் பட்டறைக்காரர்களும் பயன்படுத்துகிறவைதான். தெற்காவணி மூல வீதிப் பக்கம் கருவிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், கையில் எடுத்துப் பார்த்தே வாங்கலாம். சாமணத்தை வாங்கும் முன் மெதுவாக அழுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரு நுனியும் நேராகச் சந்திக்க வேண்டும். அழுத்தம் கூடும்போது நுனி விலகினால் அது பாகத்தைப் பறக்கவிடும்.

4. இந்த வெயில்ல ஃபேன் இல்லாம எப்படி உக்காந்து வேலை பாக்குறது?

மதுரைக்காரர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. சீலிங் ஃபேன் கூடாது. தூசியைக் கல் துளைக்குள் கொண்டுவரும். டயல் வாஷர் மாதிரி மெல்லிய பாகத்தை அடித்துக்கொண்டு போகும். சித்திரை, வைகாசியில் காலை ஐந்தரையிலிருந்து எட்டு மணி வரைதான் வசதியான நேரம். மற்ற நேரத்தில் டேபிள் ஃபேனைத் தரையில் வைத்துக் காலுக்கு மட்டும் காற்று வருமாறு திருப்புங்கள். எழுந்து போகும்போதெல்லாம் மெஷின் மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துவிடுங்கள்.

காற்றைவிட ஆபத்து வியர்வை. அதில் உள்ள உப்பு எஃகுப் பாகத்தில் சில நாட்களிலேயே துருவைக் கொண்டுவரும். ராட்செட் வீலில் (சாவி கொடுக்கும்போது சுழலும் பல் சக்கரம்) விரல் ரேகை வடிவிலேயே துரு படிந்த மெஷின்கள் நிறைய உண்டு. விரல் உறை இல்லாமல் மெஷினைத் தொடாதீர்கள், நெற்றியில் ஒரு துண்டு கட்டிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உதிரிப் பாக டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.

5. இப்போதைக்கு செல் மாத்த மட்டும் தெரிஞ்சாப் போதும். அதுல என்ன இருக்கு?

கவனிக்கச் சில உண்டு. பழைய செல்லின் எண்ணைப் பார்த்து அதையே போடுங்கள். சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் பலவற்றில் இருப்பது எஸ்.ஆர்.626எஸ்.டபிள்யூ.: 6.8 மி.மீ. விட்டம், 2.6 மி.மீ. உயரம், 1.55 வோல்ட், சில்வர் ஆக்சைடு வகை. அதே அளவில் எல்.ஆர்.626 என்ற ஆல்கலைன் செல் மலிவாகக் கிடைக்கும். அதன் வோல்டேஜ் படிப்படியாக இறங்கும், கசிவும் அதிகம். கசிந்தால் மெஷினே போய்விடும். செல்லை இரும்புச் சாமணத்தால் இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடித்தால் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் சாமணம் நல்லது, இல்லையென்றால் விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

நொடி முள் இரண்டு நொடிக்கு ஒரு தடவையோ நான்கு நொடிக்கு ஒரு தடவையோ சேர்த்துக் குதித்தால், பல மெஷின்களில் அது செல் தீரப்போவதற்கான அறிகுறி. கோளாறு என்று நினைத்துப் பிரிக்க வேண்டாம். புதுச் செல் போட்டும் ஓடவில்லை என்றால் மல்டிமீட்டரில் காயிலின் (கம்பிச் சுருள்) இரு முனையையும் ஓம் பாருங்கள். பொதுவாக ஒன்றிரண்டு கிலோ ஓம் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. அந்தக் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. செல்லைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கி அதில் பட்டதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். காயில் பக்கம் எப்போதும் ஒரு விரல் உறையை மூடி வைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

6. பின் மூடி திறக்க மாட்டேங்குது. கத்தி வெச்சு நெம்பலாமா?

முதலில் வகையைப் பாருங்கள். விளிம்பில் ஆறு பள்ளம் இருந்தால் அது மரை மூடி. கத்திக்கு அங்கே வேலையில்லை. ஒட்டும் ரப்பர் பந்தை அழுத்தி இடப்பக்கம் திருகினால் பல மூடிகள் வந்துவிடும். பள்ளம் இல்லாமல் ஓரத்தில் சிறு உதடு மட்டும் இருந்தால் அது அமுக்கு மூடி. மழுங்கிய மூடிக் கத்தியை அந்த உதட்டில் வைத்துத் திருப்ப வேண்டும், குத்தக் கூடாது. மூடும்போது ஸ்டெம்முக்கான (சாவி கொடுக்கும் தண்டு) வெட்டு ஸ்டெம்முக்கு நேராக வரவில்லை என்றால் எவ்வளவு அழுத்தினாலும் மூடாது, கண்ணாடிதான் விரிசல் விடும்.

7. சாவி கொடுக்குற வாட்ச்சை எந்த வரிசையில பிரிக்கணும்?

எல்லாவற்றுக்கும் முதலில் மெயின்ஸ்பிரிங்கில் (வாட்ச்சை ஓட்டும் சுருள்) உள்ள விசையை இறக்க வேண்டும். கிரௌனை (சாவி கொடுக்கும் குமிழ்) இரு விரலால் பிடித்துக்கொண்டு லேசாகச் சாவி கொடுங்கள், கிளிக் (ராட்செட் வீல் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் கொக்கி) விலகும். அதைப் பல்குச்சியால் அப்படியே ஒதுக்கிப் பிடித்து, கிரௌன் விரலுக்குள் மெதுவாகப் பின்னோக்கிச் சுழல விடுங்கள். விசை இறங்காமல் பேலட்டை (சக்கரங்களின் விசையைப் பேலன்ஸுக்குக் கடத்தும் சிறு கவை) கழற்றினால் மொத்த விசையும் ஒரே நொடியில் சக்கரங்களில் பாயும். பல்லும் அச்சு முனையும் உடையும். புதியவர்கள் கெடுக்கும் மெஷின்களில் இதுவே முதல் காரணம்.

பிறகு ஸ்டெம். அதற்குப் பக்கத்தில் உள்ள ஸ்க்ரூவை ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்திக் கிரௌனை இழுங்கள். முழுக்கக் கழற்றினால் டயலுக்கு அடியில் செட்டிங் லீவர் (ஸ்டெம்மைப் பிடித்து வைக்கும் பாகம்) விழுந்துவிடும், அந்தப் பக்கத்தையும் பிரிக்க வேண்டிவரும். மெஷினைக் கேஸிலிருந்து எடுத்து, டயல் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து, இரண்டு நெம்புகோலாலும் முட்களைச் சமமாகத் தூக்குங்கள். ஓரத்தில் உள்ள இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தினால் டயல் வரும்.

மெஷினைத் திருப்பி முதலில் பேலன்ஸை அதன் பிரிட்ஜோடு எடுங்கள். பேலன்ஸ் ஹேர்ஸ்பிரிங்கில் தொங்கும். நீண்ட நேரம் தொங்கவிடாமல் கவிழ்த்து வையுங்கள். விசை மிச்சமில்லை என்று மறுபடி உறுதி செய்துவிட்டுப் பேலட். அப்புறம் ராட்செட் வீல், கிரௌன் வீல், பேரல் (மெயின்ஸ்பிரிங் இருக்கும் உருளை) பிரிட்ஜ், சக்கரப் பிரிட்ஜ், சக்கரங்கள். கிரௌன் வீல் ஸ்க்ரூ பல மெஷின்களில் இடது மரை. இறுகுவதுபோல் தெரிந்தால் நிறுத்தி எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் மொபைலில் ஒரு படம். ஒவ்வொரு பிரிட்ஜின் ஸ்க்ரூவும் அதே பிரிட்ஜோடு ஒரே டப்பாவில்.

பூட்டுவது இதற்கு எதிர் வரிசை. சக்கரப் பிரிட்ஜை வைத்தபின் ஸ்க்ரூவை இறுக்காதீர்கள். ஒவ்வொரு அச்சும் தன் கல்லில் உட்கார்ந்து, விரலால் தொட்டாலே எல்லாச் சக்கரமும் சுழல வேண்டும். சுழன்ற பிறகு இறுக்குங்கள், இறுக்கிவிட்டு மறுபடி சுழற்றிப் பாருங்கள்.

8. சாமணத்துல இருந்து ஸ்பிரிங் ஒண்ணு பறந்துருச்சு. எங்க தேடுறது?

எழுந்திருக்காதீர்கள். முதலில் மடி, சட்டைப் பை, முன்கை. அப்புறம் விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடியுங்கள். சிறு பாகமும் நீள நிழல் விடும். கிடைக்கவில்லை என்றால் புதுத் துடைப்பத்தால் பெருக்கி வெள்ளைத்தாளில் கொட்டிப் பாருங்கள். காந்தம் கடைசி வழி. அப்படி எடுத்த பாகத்துக்குக் காந்தம் நீக்காமல் (கேள்வி 12) மாட்டக் கூடாது.

பறக்காமல் இருக்க, கிளிக் ஸ்பிரிங், பேலன்ஸ் கல்லின் அதிர்ச்சி ஸ்பிரிங் போன்றவற்றைத் தெளிந்த பிளாஸ்டிக் பைக்குள் மெஷினோடு கையை விட்டுக் கழற்றுங்கள். மேசை விளிம்பிலிருந்து இடுப்பு வரை ஒரு துண்டைக் கிளிப் போட்டுக் கட்டிக்கொண்டால் உருளும் பாகம் தரைக்குப் போகாது.

9. கடையில பெட்ரோல்லதானே கழுவுறாங்க. நானும் பங்க் பெட்ரோல் வாங்கிக்கவா?

வேண்டாம். பங்க் பெட்ரோலில் கலந்திருக்கும் சேர்மானங்கள் காய்ந்தபின் படலமாக நிற்கும். வீட்டுக்குள் தீப்பிடிக்கும் அபாயம் வேறு. சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் நாப்தா சுத்தமாக ஆவியாகும். அதுவும் தீப்பிடிக்கக்கூடியதே. ஆகவே மூடி போட்ட சிறு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சமாக ஊற்றி, ஜன்னல் திறந்து, அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத அறையில் வேலை செய்யுங்கள். அல்ட்ராசோனிக் மெஷினில் (ஒலி அதிர்வால் கழுவும் கருவி) இதை ஊற்றவே கூடாது.

மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவியபின் பிரிட்ஜையும் சக்கரங்களையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஒருமுறை அலசலாம். பேலட்டையும் பேலன்ஸையும் ஆல்கஹாலில் போடாதீர்கள். அவற்றில் உள்ள கற்களை ஒட்டியிருப்பது அரக்கு, ஆல்கஹாலில் கரையும். இரண்டுக்கும் நாப்தாவில் சில விநாடி முக்கி எடுத்தால் போதும். டயலை எதிலும் கழுவ வேண்டாம், எழுத்து அழிந்துவிடும்.

கல் துளைகளைக் கையால்தான் சுத்தம் செய்ய வேண்டும். மெல்லிய மரக்குச்சியை ஊசிபோல் சீவி, துளையில் விட்டுச் சுழற்றுங்கள். நுனி கறுத்து வரும். மறுபடி சீவி, வெள்ளையாக வரும்வரை செய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் நின்றுபோன பழைய வாட்ச்சுகளில் மிகப் பல இந்தச் சுத்தத்தினாலேயே திரும்ப ஓடுகின்றன.

10. தையல் மெஷின் எண்ணெய் போட்டா என்ன? எங்கெங்க எவ்வளவு விடணும்?

தையல் மெஷின் எண்ணெய் துளையில் நிற்காமல் பரவி ஓடிவிடும். தேங்காய் எண்ணெய் அதைவிட மோசம்: சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாளானால் பிசினாகும். வாட்ச்சுக்கென்று செய்த எண்ணெய் சிறு குப்பி வாங்கினால் பல வருடம் வரும். மோபியஸ் என்ற வாட்ச் எண்ணெய் பிராண்டின் எண்களில் சொன்னால், வேகமாகச் சுழலும் மெல்லிய அச்சுகளுக்கு (பேலன்ஸ், பேலட்டைத் தள்ளும் எஸ்கேப் வீல், நொடிச் சக்கரம்) 9010. மெதுவாகவும் பலமாகவும் சுழலும் நடுச் சக்கரம், பேரல் அச்சுக்கு டி5 அல்லது எச்.பி.1300. மெயின்ஸ்பிரிங்குக்கு 8200. பேலட் கற்களின் முகத்துக்கு 9415.

கல்லின் கிண்ணத்தில் பாதிக்குச் சற்று மேல் நின்றால் போதும். நிரம்பி வழிந்தால் எண்ணெய் முழுக்க வெளியே இழுக்கப்பட்டு அச்சு வறண்டுவிடும். மிஞ்சியது குறைந்ததைவிடக் கேடு. பேலட்டின் அச்சு முனைகளுக்கும் சக்கரப் பற்களுக்கும் எண்ணெய் கூடவே கூடாது. ஹேர்ஸ்பிரிங்கில் பட்டால் என்ன ஆகும் என்பது கேள்வி 12இல்.

11. எல்லாத்தையும் மாட்டிட்டேன், பேலன்ஸ் ஆடவே மாட்டேங்குது. எங்க தப்பு?

பேலன்ஸைக் கழற்றிவிட்டு நான்கைந்து பல் சாவி கொடுங்கள். பேலட்டின் வாலை மெதுவாகத் தள்ளினால் அது தானே மறுபக்கம் 'டக்' என்று தாவ வேண்டும். தாவவில்லை என்றால் விசை அதுவரை வரவில்லை: ஒரு சக்கரத்தின் அச்சு கல்லில் உட்காரவில்லை, பல்லில் நூல் சிக்கியிருக்கிறது, அல்லது நீள ஸ்க்ரூ குட்டை ஸ்க்ரூவின் இடத்துக்குப் போய்ச் சக்கரத்தை முட்டுகிறது. கேள்வி 7இல் ஸ்க்ரூவைப் பிரிட்ஜோடு வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

தாவினால் கோளாறு பேலன்ஸ் பக்கம். அதன் அடியில் உள்ள சிறு கல், பேலட் கவையின் உள்ளே இல்லாமல் வெளியே நிற்கலாம். இது மிகச் சாதாரணம். பிரிட்ஜ் ஸ்க்ரூவை இறுக்க இறுக்க ஆட்டம் நின்றால் அச்சு முனை கல்லில் இல்லை. உடனே தளர்த்துங்கள், இன்னும் அரைச் சுற்று இறுக்கினால் முனை உடையும். டயல் மேலே இருக்கும்போது ஓடி, கவிழ்த்தால் நின்றால் ஒரு பக்கத்து முனை கல்லில் அழுக்கு அல்லது முனையில் தேய்மானம்.

12. ஓடுது, ஆனா ஒரு நாளைக்குப் பத்து இருபது நிமிஷம் முன்னாடி ஓடுது.

இவ்வளவு அதிகம் என்றால் ரெகுலேட்டரை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு நெம்பு) தொடாதீர்கள். ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. ஒட்டினால் நீளம் குறைந்து வேகம் கூடும். காரணம் காந்தமாகவோ எண்ணெயாகவோ இருக்கும். வாட்ச்சைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள். முள் ஆடினால் காந்தம். ஸ்பீக்கர், காந்த மூடி வைத்த மொபைல் உறை, காந்த நுனி ஸ்க்ரூடிரைவர் ஆகியவற்றிலிருந்து ஏறியிருக்கும். காந்தம் நீக்கும் சிறு பெட்டியில் பொத்தானை அழுத்தியபடியே வாட்ச்சை ஒரு முழம் தூரம் மெதுவாக விலக்கி, அதன் பிறகுதான் பொத்தானை விட வேண்டும். திசைகாட்டி முள் ஆடவில்லை என்றால் எண்ணெய்: பேலன்ஸை நாப்தாவில் மறுபடி முக்கி எடுங்கள்.

13. டைம்கிராஃபர்ல மூணு நம்பர் காட்டுது. எதைப் பாக்குறது?

டைம்கிராஃபர் என்பது வாட்ச்சின் டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி. அதில் முதலில் ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் எத்தனை டிகிரி ஆடுகிறது என்பது. சாவி முழுக்கக் கொடுத்து, டயல் மேலே இருக்க, பழைய எச்.எம்.டி.யில் 250க்கு மேல் வந்தால் வேலை நன்றாக முடிந்திருக்கிறது. 200க்குக் கீழே என்றால் எங்கோ அழுக்கு, களைத்த மெயின்ஸ்பிரிங், அல்லது மிஞ்சிய எண்ணெய். அதைச் சரிசெய்யாமல் நேரத்தைத் திருத்துவது வீண். கருவியில் லிஃப்ட் ஆங்கிள் (பேலட்டோடு தொட்டிருக்கும்போது பேலன்ஸ் சுழலும் கோணம்) தவறாக இருந்தால் இந்த எண் மட்டும் தவறும். மற்ற இரண்டும் மாறாது.

அடுத்தது பீட் எரர், அதாவது இரு பக்க ஆட்டத்துக்கும் இடையிலான நேர வித்தியாசம். 1 மில்லி விநாடிக்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம். ஸ்டட் (ஹேர்ஸ்பிரிங்கின் வெளி நுனியைப் பிடிக்கும் பாகம்) நகராத பழைய மெஷின்களில் இதைத் திருத்த ஹேர்ஸ்பிரிங்கையே பேலன்ஸ் அச்சில் திருப்ப வேண்டும். அது புதியவர்களுக்கான வேலை அன்று. கடைசியாகத்தான் ஒரு நாளைக்கு எத்தனை நொடி என்ற எண். ரெகுலேட்டரைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு நகர்த்தி, ஒரு நிமிடம் காத்திருந்து பாருங்கள்.

14. தெனமும் ஒரே நேரத்துல நிக்குது. வாட்ச்சுக்குள்ள பேயா?

முள்தான். மணி முள்ளும் நிமிட முள்ளும் சந்திக்கும் இடத்தில் உரசுகின்றன, அல்லது நிமிட முள் கண்ணாடியைத் தொடுகிறது. பக்கவாட்டில் பார்த்தபடி பன்னிரண்டு மணி நேரமும் சுற்றிக் காட்டுங்கள், இடைவெளி எங்கும் மறையக் கூடாது. வாட்ச் டிக் டிக் என்று ஓடியும் முள் நகரவில்லை என்றால் அது வேறு கோளாறு: நிமிட முள்ளைத் தாங்கும் கேனன் பினியன் தளர்ந்திருக்கிறது.

15. பழைய எச்.எம்.டி. வாங்கும்போது எதைப் பாத்து வாங்கணும்?

பளபளவென்று ஆரஞ்சிலும் பச்சையிலும் டயல் இருந்தால் பெரும்பாலும் மறுபெயின்ட். லென்ஸ் வைத்து எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். பழைய அச்சு கூர்மையாக இருக்கும். புதுப் பெயின்ட்டில் எழுத்து தடித்து, நிமிடக் கோடுகள் சீராக இல்லாமல் இருக்கும். பழகுவதற்கு என்றால் டயல் எப்படியிருந்தாலும் பரவாயில்லை, மெஷினைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்க்ரூ தலைகள் சிதைந்திருந்தாலும் துரு இருந்தாலும் விட்டுவிடுங்கள். சாவி கொடுக்கும்போது வழுக்கினால் மெயின்ஸ்பிரிங் அல்லது கிளிக்கில் கோளாறு. அதைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்கலாம்.

16. ரொம்பப் பழைய சுவிஸ் வாட்ச்ல முள்ளு மேல பச்சையா பூசியிருக்கு. அதைச் சொரண்டிட்டுப் புதுசா பூசலாமா?

சுரண்டாதீர்கள். 1960கள் வரை இருட்டில் ஒளிரும் பூச்சில் ரேடியம் சேர்த்தார்கள். ஒளி செத்துப்போயிருந்தாலும் கதிர்வீச்சு இருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 வருடம். மூடிய வாட்ச்சைவிட ஆபத்து அந்தத் தூளை மூச்சில் இழுப்பதுதான். அப்படிப்பட்ட வாட்ச்சை வீட்டில் திறக்கவே வேண்டாம்.

17. சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்கன்னு வாட்ச்சைக் கொண்டாந்து குடுக்குறாங்க. வாங்கலாமா?

செல், ஸ்ட்ராப், கண்ணாடி போன்றவற்றுக்கு வாங்கலாம். சாவி வாட்ச்சாக இருந்தால், அதே வகை மெஷினை நீங்களே பலமுறை பிரித்துப் பூட்டி, கேள்வி 13இல் சொன்ன ஆம்ப்ளிட்யூட் தொடர்ந்து வருகிறது என்ற நிலை வந்தபின் வாங்குங்கள். மாமா, சித்தப்பா என்றாலும் கொடுக்கும்போதே அவர்கள் முன்னால் படம் எடுங்கள்: கண்ணாடிக் கீறல், டயல் கறை, ஓடுகிறதா இல்லையா, கிரௌன் இழுக்கிறதா என்று. டப்பாவில் பெயர், தேதி, சொன்ன கோளாறு எழுதிய சீட்டு இருக்கட்டும்.

மூடியில் தண்ணீர் புகாது என்று எழுதியிருந்தாலும், நீங்கள் திறந்து மூடிய வாட்ச்சுக்கு அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். ரப்பர் வளையத்தை மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவி, அழுத்தச் சோதனைக் கருவியில் பார்த்தால்தான் சொல்ல முடியும். அந்தக் கருவி உங்களிடம் இல்லையென்றால், கை கழுவும்போது கழற்றி வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.